நுவரெலியா ரிசோர்ட்டில் மயக்க மருந்துப் பயிற்சி: பணம் கட்டும் முன் இதை வாசியுங்கள்

மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்கிற டொக்டர்மாருக்கும் தாதியருக்கும் இதை எழுதுகிறேன். நுவரெலியாப் பக்கம் ஒரு ரிசோர்ட்டில் மூன்று நாள் தொடர் மருத்துவக் கல்வி, இரண்டு இரவு தங்குமிடம், 18 சி.பி.டி. (தொடர் தொழில்சார் கல்வி) புள்ளிகள் என்று ஒரு விளம்பரம் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. 92,000 ரூபாய் கட்டிப் போனேன். ஏமாந்து வந்தேன். முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் ஏற்பாட்டாளரின் பெயரையோ ரிசோர்ட்டின் பெயரையோ இங்கே எழுதவில்லை. ஆனால் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். அதே ஆட்கள் இப்போது இன்னொரு திகதி போட்டிருக்கிறார்கள்.

நான் மலையகத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையில் மருத்துவ அதிகாரி. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தியேட்டருக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் பிரசவத் தாய்மார், கொழுந்து பறிக்கிற பெண்கள். பலருக்கு இரத்தம் குறைவு. சிசேரியன் என்றால் முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்துச் செய்வதுதான் வழக்கம். அது சரிவராத நேரத்தில், அல்லது இரத்தம் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில், முழு மயக்கம் கொடுத்துத் தொண்டைக்குள் குழாய் போட வேண்டும். நிறைமாதத்தில் நுரையீரலின் காற்றுக் கையிருப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும், ஒட்சிசன் தேவையோ கூடியிருக்கும். குழாய் ஏறச் சுணங்கினால், இரத்தத்தில் ஒட்சிசன் குறையக் குறைய மானிட்டரின் சத்தம் துடிப்புக்குத் துடிப்பு கீழே இறங்கிக்கொண்டு வரும். திரையைப் பார்க்கவே தேவையில்லை, காதுக்கே தெரிந்துவிடும்.

அந்தச் சத்தத்தை இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நடுச்சாமத்தில் கேட்டேன். மயக்க மருந்து நிபுணர் போனில் இருந்தார், தியேட்டரில் நானும் ஒரு மிஸ்ஸியும்தான். இரண்டாவது முயற்சியில் குழாய் ஏறியது. தாயும் பிள்ளையும் சுகமாக வீட்டுக்குப் போனார்கள். ஏறாமல் போயிருந்தால் கழுத்தின் முன்பக்கம் வெட்டிக் குழாய் போட வேண்டி வந்திருக்கும். அதை நான் படத்தில் பார்த்திருக்கிறேன், பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். கையால் ஒரு நாளும் செய்து பார்த்ததில்லை. கண்டிக்கு அனுப்பலாம் என்றாலும் கினிகத்தேனை வளைவுகளில் அம்புலன்ஸ் இறங்கிப் போகும் வரை மூச்சு காத்திருக்காது.

அந்த மனநிலையில் இருந்தபோதுதான் விளம்பரம் வந்தது. "கடினமான சுவாசப்பாதை: ஐந்து பேருக்கு ஒரு பொம்மை. ஆட்டுக் குரல்வளையில் நேரடிப் பயிற்சி. அல்ட்ராசவுண்ட் பார்த்து நேர்வ் பிளொக். உயரமான இடங்களில் மயக்க மருந்து. வெளிநாட்டு விரிவுரையாளர்கள் இருவர்." ஒவ்வொரு வரியும் எனக்காகவே எழுதினது போல இருந்தது. சம்பளத்தில் மூன்று மாதம் ஒதுக்கிப் பணம் சேர்த்தேன். என்னுடைய இரண்டு இரவு டியூட்டியை ஒரு தம்பி டொக்டர் எடுத்துக்கொண்டார்.

இங்கேயே என் முதல் பிழையைச் சொல்லிவிடுகிறேன். பணம் போடச் சொன்ன கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஓர் ஆளின் பெயரில் இருந்தது. கேட்டேன். "நிறுவனக் கணக்கு திறக்கிற வேலை நடக்குது டொக்டர், இப்போதைக்கு இதுல போடுங்க" என்றார்கள். போட்டேன். ரசீது என்று வந்தது வட்ஸ்அப்பில் ஒரு வரி மட்டும்.

ஹட்டனில் ரயில் ஏறி நானுஓயாவில் இறங்கினேன். ஜூலை மாதம், நல்ல மழை. கூட்டிப் போக வேன் வரும் என்று சொல்லியிருந்தார்கள், வரவில்லை. என்னைப் போல நின்றுகொண்டிருந்த ஐந்து பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்துப் போனோம். இருவருக்கு ஓர் அறை என்றார்கள், மூன்றாவது கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். இதெல்லாம் சின்ன விஷயம், விட்டுவிடுகிறேன். சாப்பாடு நன்றாக இருந்தது. ரிசோர்ட்டில் வேலை செய்த பிள்ளைகள் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள். குழாயில் சுடுதண்ணீர் வரவில்லை என்றதும் குளிரோடு வாளியில் கொண்டுவந்து தந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

முதல் நாள் காலையில் வெளிநாட்டு விரிவுரையாளர்கள் இருவரும் "விசாச் சிக்கலால்" வரவில்லை என்று அறிவித்தார்கள். பதிலுக்கு வீடியோ போட்டார்கள். உயரமான இடத்து மயக்க மருந்து பற்றிய விரிவுரை பன்னிரண்டு நிமிடத்தில் இடையிலேயே நின்றுவிட்டது, திரும்பப் போடவில்லை. எனக்கு அது வயிறு எரிந்தது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீட்டர். கொழும்பில் 760 மில்லிமீட்டர் இரசம் இருக்கிற காற்றழுத்தம் இங்கே 600ஐ ஒட்டித்தான் இருக்கும். செவோஃப்ளுரேன் என்ற மயக்க மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் வேப்பரைசரில் டயலைக் கூட்டத் தேவையில்லை, அது கொடுக்கிற ஆவியழுத்தம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். டெஸ்ஃப்ளுரேன் என்ற இன்னொரு மயக்க மருந்துக்கான சூடேற்றும் வேப்பரைசர் அப்படியில்லை, மேலே வந்தால் டயலைக் கூட்டாவிட்டால் மருந்து குறையும். மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் சோறு போடுகிற பாடம். மலையில் வைத்துக்கொண்டே அதைச் சொல்ல ஆள் இல்லை.

பின்னேரம் நேர்வ் பிளொக், அதாவது நரம்புக்குப் பக்கத்தில் மருந்து போட்டு அந்த இடத்தை மரக்க வைப்பது. ஒரே ஓர் அல்ட்ராசவுண்ட் மெஷின், அதில் வயிறு பார்க்கிற வளைந்த புரோப் (உடம்பில் வைத்துப் பார்க்கும் முனை) மட்டும். தோலுக்குக் கீழே இருக்கிற நரம்பைப் பார்க்க நேரான புரோப் வேண்டும் என்பது அல்ட்ராசவுண்டைத் தொட்ட எவருக்கும் தெரியும். வவுனியாவிலிருந்து வந்த ஒரு தங்கச்சி என் காதுக்குள், "அக்கா, இதில ஒண்டும் தெரியேல்லை, உங்களுக்குத் தெரியுதா?" என்றாள். எனக்கும் சாம்பல் நிறப் புகைதான் தெரிந்தது.

அடுத்து நடந்ததற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன் என்றாலும் சரி. மரப்பு மருந்து இரத்தத்தில் ஏறி நஞ்சாகி இதயம் நின்றால் என்ன செய்வது என்று ஓர் இளம் டொக்டர் கேட்டார். விரிவுரையாளர் இடத்தில் நின்றவர் உபகரணம் விற்கிற நிறுவனத்து ஆள், வைத்தியர் இல்லை. அவர் சொன்னார்: "லிப்பிட் இல்லாட்டி புரொபோஃபோல் குடுங்க, அதுவும் கொழுப்புக் கரைசல்தானே." நாற்பத்தாறு பேர் இருந்த மண்டபத்தில் பேனா பிடித்து அதை எழுதிக்கொண்டவர்களைக் கண்ணால் பார்த்தேன்.

எழுந்து நின்று மறுத்தேன். இங்கேயும் எழுதுகிறேன், அந்த மண்டபத்தில் இருந்த யாராவது வாசிப்பார்கள். மரப்பு மருந்து நஞ்சேறினால் கொடுக்க வேண்டியது 20 வீத லிப்பிட் கரைசல், ஆரம்பத்தில் கிலோவுக்கு 1.5 மில்லிலீட்டர். அறுபது கிலோப் பெண்ணுக்கு 90 மில்லிலீட்டர். புரொபோஃபோல் முழு மயக்கத்துக்குப் போடும் மருந்து, அது இருப்பது 10 வீதக் கொழுப்பில். அதே அளவு கொழுப்பு வேண்டுமென்றால் 180 மில்லிலீட்டர் ஏற்ற வேண்டும், அதாவது 1,800 மில்லிகிராம் புரொபோஃபோல். அந்தப் பெண்ணுக்கு மயக்கம் கொடுக்க நாம் போடுவது 120 அளவில். பதினைந்து மடங்கு. ஏற்கெனவே தள்ளாடுகிற இதயத்துக்கு அது முடிவு. நான் இதைச் சொன்னதும் அந்த ஆள் "இரண்டு கருத்தும் இருக்கு" என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார். இதில் இரண்டு கருத்து இல்லை.

இரண்டாம் நாள்தான் நான் காத்திருந்த நாள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை சுவாசப்பாதைப் பயிற்சி என்று நிரலில் இருந்தது. ஒன்பது மணிக்குக் கோட் போட்ட இருவர் வந்து விடுமுறை அங்கத்துவம் விற்கத் தொடங்கினார்கள். வருடம் ஏழு இரவு, இருபது வருடம், டொக்டர்மாருக்கு விசேட விலை. மேசைக்கு மேசை வந்து உட்கார்ந்தார்கள். எழுந்து போகலாமா என்று கேட்டால், "வருகைக் கையெழுத்து இது முடிஞ்ச பிறகுதான் டொக்டர், அது இல்லாம புள்ளி வராது" என்றார்கள். புள்ளியைக் காட்டி உட்கார வைத்தார்கள். எண்பது நிமிடம் போனது. அம்பாறையிலிருந்து வந்த, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத தம்பி ஒருவர் கார்டில் ஒன்றரை இலட்சம் முற்பணம் கட்டிவிட்டார். பக்கத்திலிருந்தும் நான் தடுக்கவில்லையே என்று இன்றைக்கும் மனம் கேட்கவில்லை.

மிச்சம் நாற்பது நிமிடம். பொம்மை ஒன்று. ஐந்து பேருக்கு ஒன்றில்லை, எல்லோருக்குமாக ஒன்று. அதன் நாக்கு அடியில் கிழிந்து பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தது, லரிங்கோஸ்கோப்பால் (நாக்கைத் தூக்கித் தொண்டைக்குள் பார்க்கும் விளக்குக் கருவி) தூக்கினால் நாக்கு கூடவே கழன்று வந்தது. லரிங்கோஸ்கோப்பின் வெளிச்சம் மஞ்சளாக மினுங்கி மினுங்கி நின்றது. ஒரு பக்க நுரையீரல் பை இல்லை, குழாய் சரியாக ஏறினாலும் நெஞ்சு எழும்பாது. என் முறை வந்தபோது ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. ஆட்டுக் குரல்வளை எங்கே என்று கேட்டேன். "சுகாதாரப் பிரச்சினையால ஹோட்டல் அனுமதிக்கல்ல" என்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் சமையலறைப் பொறுப்பாளரிடம் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒருவரும் தன்னிடம் கேட்கவே இல்லை என்றார்.

மூன்றாம் நாள் பாதிப் பேர் காலையிலேயே புறப்பட்டுவிட்டார்கள். சான்றிதழ் தந்தார்கள், தடித்த பளபள காகிதம், தங்க நிற முத்திரை. புள்ளி எத்தனை என்று அதில் எங்கும் இல்லை. "பங்குபற்றினார்" என்று மட்டும் இருந்தது. விளம்பரத்தில் போட்டிருந்த அங்கீகார இலக்கத்தை வைத்து விசாரித்துப் பார்த்தோம். அது வேறொரு பழைய நிகழ்ச்சிக்குக் கொடுத்த இலக்கம். இந்த நிகழ்ச்சிக்கு விண்ணப்பமே போகவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, விளம்பரத்தின் அடியில் எறும்பு எழுத்தில் "கட்டணம் எக்காரணம் கொண்டும் மீளளிக்கப்படாது" என்று இருந்த வரியைக் காட்டினார்கள். அப்புறம் போனை எடுக்கவில்லை. நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அவர்களுடைய அவசர இலக்கம் 1977. விளம்பரத்தின் படம், வங்கிச் சீட்டு, வட்ஸ்அப் உரையாடல், நிகழ்ச்சி நிரல், பொம்மையை எடுத்த போட்டோ எல்லாவற்றையும் இணைத்தோம். அந்தப் போட்டோவை எடுத்தது வவுனியாத் தங்கச்சி. அவளுக்குக் கோடி புண்ணியம்.

இப்படியான பயிற்சிக்குப் பணம் கட்ட நினைக்கிறவர்கள், அங்கீகார இலக்கத்தை விளம்பரத்தில் பார்த்து நம்பாதீர்கள். புள்ளி தருகிற அமைப்புக்கு நீங்களே போன் எடுத்து, இந்தத் திகதி, இந்த இடம் என்று சொல்லிக் கேளுங்கள். எத்தனை பேர், எத்தனை பொம்மை, எந்தப் புரோப், யார் கற்பிக்கிறார், அவர் எங்கே வேலை செய்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள். விரிவுரையாளருக்கே ஒரு மின்னஞ்சல் போட்டு வருகிறாரா என்று கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை. நான் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆளின் சொந்தக் கணக்கில் பணம் போடவே போடாதீர்கள்.

வந்த கிழமையே நான் டவுனில் இறைச்சிக் கடை நானாவிடம் போனேன். "நானா, ஆட்டுத் தொண்டைக் குழாய் கிடைக்குமா?"

"அது வீசுறதுதானே மிஸ். எத்தன வேணும்?"

ஆறு தந்தார், காசு வாங்கவில்லை. எங்கள் நிபுணரிடம் அனுமதி வாங்கி, சனிக்கிழமை பின்னேரம் பழைய மேசை ஒன்றில் பொலித்தீன் விரித்து அவரே சொல்லித் தந்தார். பிரித்தானியக் கடினச் சுவாசப்பாதைச் சங்கத்தின் 2015 வழிகாட்டியில் உள்ளபடி பத்தாம் இலக்க பிளேட், பூஜீ (குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய நீண்ட குச்சி), ஆறாம் அளவுக் குழாய், இந்த மூன்றும்தான். விரலால் தடவிக் குருத்தெலும்புக்கு நடுவில் உள்ள மெல்லிய சவ்வைக் கண்டுபிடிக்க வேண்டும். பிளேடைக் குறுக்கே குத்தி, கூர்ப் பக்கம் நோயாளியின் கால் பக்கம் பார்க்கத் திருப்பி, அதை ஒட்டியே பூஜீயை உள்ளே விட வேண்டும். முதல் தடவை சவ்வு என்று நினைத்துக் குருத்தெலும்பில் குத்தினேன், பிளேடு கிறீச்சென்று நின்றது. நான்காவது தடவை பூஜீ உள்ளே வழுக்கிப் போனதைக் கை உணர்ந்தது. மிஸ்ஸிமார் இருவரும் செய்து பார்த்தார்கள்.

புதிய விளம்பரம் நேற்று எனக்கும் வந்தது. இந்த முறை இடம் பெந்தோட்டை, கடற்கரை. கட்டணம் 98,000. அதே ஐந்து பேர் சுற்றி நிற்கிற அதே பொம்மைப் படம், வேறொரு அங்கீகார இலக்கம், பணம் போட அதே ஆளின் கணக்கு. கட்டணத்துக்குக் கடைசித் திகதி இந்த மாதம் 25. ஏற்கெனவே கட்டியவர்கள் வங்கிச் சீட்டை எறிந்துவிடாமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், எங்கள் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம்.