பொக்காச்சியோவா, பிரான்டெல்லோவா?

இத்தாலியச் சிறுகதைக்குள் நுழைய நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இருவர் முன்னால்தான் தயங்கி நிற்கிறார்கள்.

அளவு: பொக்காச்சியோவின் 'டெக்கமெரான்' 100 கதைகள், 1348 கொள்ளைநோய்க்குத் தப்பி ஃபிளாரன்ஸை விட்டுப் போன பத்துப் பேர் பத்து நாள் சொல்பவை. பிரான்டெல்லோ நாளுக்கொன்றாக 365 எழுத நினைத்தார். 200-க்கு மேல் எழுதினார், முடிக்கவில்லை.

வாசிப்பு: பொக்காச்சியோவிடம் சம்பவம்தான் எல்லாம். காதலித்த பெண் திடீரென்று சாப்பிட வந்துவிட, வீட்டில் ஒன்றுமில்லாத ஃபெதெரிகோ உயிராக வளர்த்த வல்லூறின் கழுத்தைத் திருகிச் சமைத்துப் படைக்கிறான், அவள் வந்ததோ நோயில் கிடக்கும் மகனுக்காக அதே பறவையைக் கேட்க! நெஞ்சு அடைத்துவிடும். பிரான்டெல்லோவிடம் சம்பவம் குறைவு. வேலையில் நசுங்கிய ஒரு கணக்கர் இரவில் ரயில் கூவுவதைக் கேட்கிறார், அவ்வளவுதான், அடக்கிவைத்த மொத்தமும் வெடிக்கிறது.

தாக்கம்: ஆங்கிலக் கவிஞர் சாசர், ஷேக்ஸ்பியர் வரை பொக்காச்சியோவின் கதைகள் போய்ச் சேர்ந்தன. பிரான்டெல்லோவுக்கு 1934-இல் நோபல்; ஆனாலும் உலகம் அவரை நாடகங்களால்தான் அறிகிறது, எனக்கு அது வருத்தம்தான்.

சரி, கதையைக் கட்டும் வித்தை வேண்டுமென்றால் பொக்காச்சியோ, அந்த வல்லூறு கதையிலிருந்து. மனதுக்குள் போக வேண்டுமென்றால் பிரான்டெல்லோ.