வன்னியிலிருந்து தொலைக்கல்வி: இணையவழிக் குழுக் கற்றல் எங்களுக்கு எப்படி அமைந்தது?

மல்லாவியில் ஆசிரியராக இருந்துகொண்டே தொலைக்கல்வியில் கல்விமாணி படிக்கிறேன். என் குழுவினர் ஒட்டுசுட்டான், முருங்கன், செட்டிகுளம் என மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடக்கிறார்கள். நேரில் கூடுவதென்றால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலேயே கழிந்துவிடும். ஆகவே இணையம்தான் எங்கள் வகுப்பறை.

நேரலை வகுப்புகளை எல்லோரும் புகழ்கிறார்கள். வன்னிக்கு எழுத்துவழிக் கலந்துரையாடலே பொருந்துகிறது என்று உறுதியாகச் சொல்வேன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. சிக்னலும் கூடவே போய்விடும். அன்று காணொளி வகுப்பைத் தவறவிட்டவர் தவறவிட்டவர்தான். எங்கள் பாடங்களும் கலந்துரையாடல் மன்றமும் இருக்கும் மூடில் (Moodle) என்ற கற்றல் தளத்தின் செயலியிலோ பாடங்களை முன்பே இறக்கி வைக்கலாம். இணைப்பில்லாத நேரத்தில் எழுதிய பதில், இணைப்பு வந்ததும் மன்றத்தில் சேர்ந்துவிடும். பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டு ஆறுதலாக எழுதும் தாய்மாருக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

மூடிலின் கேள்வி-பதில் மன்றத்தில், தன் பதிலை இட்ட பிறகே பிறருடையதைப் படிக்க முடியும். முதலில் எரிச்சலாக இருக்கும். ஆனால் அதனால்தான் ஒவ்வொருவரும் சொந்தமாக யோசிக்கிறோம்.

அதைவிட எனக்குப் பயன்பட்டது, ஒருவர் ஒப்படையை மற்றவர் மதிப்பிடும் 'பயிற்சிப்பட்டறை' என்ற மூடில் வசதி. சிறுகுழுக் கற்பித்தல் பற்றி நான் எழுதியதன் ஓரத்தில் முருங்கன் தங்கை கேட்டிருந்தார்: "அக்கா, ஒரே அறையில் மூன்று வகுப்புகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியர் இதை எந்த நேரத்தில் செய்வார்?" அவர் அப்படியொரு பாடசாலையில்தான் படிப்பிக்கிறார். அந்தப் பகுதி முழுவதையும் பல்தரக் கற்பித்தலை அடிப்படையாக வைத்துத் திரும்ப எழுதினேன். புத்தகத்தில் இந்தக் கேள்வி கிடைத்திருக்காது.

குழுவாகச் சேர்ந்து எழுதும் மூடில் விக்கியில் ஒருவர் திருத்தும்போது மற்றவர்களுக்கு அந்தப் பக்கம் பூட்டப்பட்டிருக்கும். ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துக்கொண்டால் சிக்கலில்லை.

மனம் நோவது இரண்டு விடயங்களில். மன்றத்தில் கேட்ட கேள்விக்கு விரிவுரையாளரின் பதில் வாரக்கணக்கில் வராது. அதற்குள் ஒப்படைத் தவணையே முடிந்துவிடும். அடுத்தது, ஒரு வரியும் எழுதாதவருக்கும் குழுவின் முழுப் புள்ளியையும் கொடுப்பது. விக்கி வரலாற்றில் யார் எதை எழுதினார் என்பது பெயரோடு பதிவாகிறது. அதைத் திறந்து பார்த்து ஆளுக்கு ஆள் புள்ளியிட வேண்டும் என்று எங்கள் குழு எழுத்தில் கேட்டிருக்கிறது. மற்றக் குழுக்களும் கேட்க வேண்டும்.