குடல் தந்தியா, நைலான் தந்தியா: கிளாசிக்கல் கிட்டாருக்கு எது?

கிளாசிக்கல் கிட்டாருக்கான ஆட்டுக்குடல் தந்தி இன்றும் விற்பனைக்குக் கிடைக்கிறது. ஆனாலும் என் கிட்டாரில் இருப்பது நைலான்தான். அதை நமக்குத் தந்தவர் டென்மார்க்கிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய ஆல்பர்ட் அகஸ்டின். இரண்டாம் உலகப் போரில் குடல் இழையெல்லாம் அறுவை சிகிச்சைத் தையலுக்குப் போய், தந்திக்குப் பெரும் பஞ்சம். கிட்டார் செய்துகொண்டிருந்த அகஸ்டின், டுபாண்ட் என்ற ரசாயன நிறுவனத்தின் நைலான் இழையைத் தந்தியாக்கினார். ஸ்பெயினின் கிட்டார் மேதை ஆந்த்ரே செகோவியா துணை நின்றார். 1940-களின் இறுதியில் அது கடைக்கு வந்தது.

ஒலியில் குடலுக்கே முதலிடம், குறிப்பாக மூன்றாம் தந்தியில். நைலானின் அடர்த்தி சுமார் 1.14 கிராம்/க.செ.மீ., குடலுக்கு 1.3. அதே இழுவிசைக்கு நைலான் தடிமனாக வேண்டும். மூன்றாம் தந்தி ஏறத்தாழ 1 மி.மீ. வரும். அந்தத் தடிமனால் ஒலி மங்கும், மேல் ஃப்ரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) சுருதி ஏறும். உறுத்தினால் மூன்றாம் தந்திக்கு மட்டும் கார்பன் தந்தி (ஃப்ளூரோகார்பன் என்ற பிளாஸ்டிக் இழை) போடுங்கள். அடர்த்தி கூடியதால் மெலிதாக இருக்கும்.

தீர்ப்பு சொல்வது பராமரிப்புதான். குடல் ஈரத்தை உறிஞ்சும். மழை பெய்தாலே சுருதி நகரும். நகம் படும் இடத்தில் நார் பிரியும். பிரிந்த நாரை இழுக்கக் கூடாது, இழுத்தால் நீளமாக உரியும்; நகவெட்டியால் ஒட்ட நறுக்கி, லேசாகப் பாதாம் எண்ணெய் தடவ வேண்டும். அப்படியும் முதல் தந்தி சீக்கிரம் அறும். நைலானில் இந்தத் தொல்லை இல்லை. புதிதில் சில நாள் தொய்ந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். மாட்டியதும் பன்னிரண்டாம் ஃப்ரெட் அருகே மெதுவாகத் தூக்கி இழுத்து, திரும்பச் சுருதி கூட்டுங்கள். நாலைந்து முறை செய்தால் சீக்கிரம் நிலைக்கும். முதல் தந்தி வழுக்கும் என்பதால் பிரிட்ஜ் (மேல்பலகையில் தந்தி கட்டும் கட்டை) முடிச்சில் ஒரு சுற்று கூடுதலாகப் போட்டு, நுனியைப் பின்விளிம்புக்குக் கீழே சிக்க வையுங்கள். இல்லாவிட்டால் முடிச்சு நழுவி, நுனி மேல்பலகையில் அடித்து வடு விழும்.

நைலான் செட்டில் முதலில் போவது நாலாம் தந்தி. உள்ளே நைலான் இழைக்கற்றை, மேலே வெள்ளிப்பூச்சுச் செம்புக்கம்பி. இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டில் கம்பி தேய்ந்து அறும். அதை மட்டும் தனியாக வாங்கி வையுங்கள்.

அகஸ்டின் பெயரில் விற்கும் செட்டுகளில் கறுப்பு உறை என்றால் குறைந்த இழுவிசை, சிவப்பு நடுத்தரம், நீலம் அதிகம். பழைய, மெல்லிய பலகைக் கிட்டாருக்குக் கறுப்பு. லூட் (ஐரோப்பாவின் பழைய தந்திக்கருவி) போன்ற பழங்கருவிகளுக்கு மட்டும் இந்தத் தீர்ப்பைப் பொருத்த மாட்டேன். அங்கே குடலின் ஒலிக்காகவே அந்தச் சிரமத்தையெல்லாம் படலாம்.