அப்பாவின் ஒரு கோடி ரூபாய் பங்கு: லண்டன் கணக்கு வேறு, டோக்கியோ கணக்கு வேறு

2024 தேர்தல் நேரத்தில் காங்கிரஸின் சாம் பிட்ரோடா அமெரிக்க வாரிசு வரியைப் பற்றிப் பேசப்போய், 'பாதிச் சொத்தை அரசு எடுத்துக்கொள்ளுமாம்' என்ற பீதி கிளம்பியது. சதவீதத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். யாரிடம், எதன் மீது, எப்போது வரி கேட்கிறார்கள் என்று பார்த்தால் படம் மாறிவிடும்.

ஒருவர் 2019-இல் 10 லட்சத்துக்கு வாங்கிய பங்குகள், அவர் இறக்கும்போது 1 கோடி ஆகியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். (நமக்கும் அப்படி ஒன்று அமைந்தால் தேவலை.)

பிரிட்டனில் இறந்தவரின் மொத்தச் சொத்தோடு இந்த 1 கோடியையும் கூட்டுவார்கள். 3,25,000 பவுண்டைத் தாண்டிய பகுதிக்கு 40 சதவீதம். கணவன் மனைவிக்குள் போனால் வரியில்லை. குடியிருந்த வீடு பிள்ளைகளுக்குப் போனால் கூடுதல் சலுகை உண்டு. ஒரே பிள்ளை எடுத்தாலும் ஐந்து பேர் பிரித்துக்கொண்டாலும் வரி ஒன்றுதான். கணக்குப் போட எளிது, நியாயமா என்பது வேறு கேள்வி.

அமெரிக்காவிலும் இதே முறைதான், விகிதமும் 40. ஆனால் 2026 முதல் ஒருவருக்கு 1.5 கோடி டாலர் வரை விலக்கு. சில மாநிலங்கள் தனியாக வாங்குவதை விட்டுவிட்டால், பெரும் பணக்காரர்களைத் தவிர யாரும் இதைக் கட்டுவதில்லை. இன்னொரு சலுகையும் உண்டு. வாரிசு அந்தப் பங்கை 1 கோடிக்கே வாங்கியதாக அரசு கருதிக்கொள்ளும். அப்பா காலத்து 90 லட்சம் லாபத்துக்கு வருமான வரி யாரிடமும் கேட்கப்படாது.

ஜப்பான் வாரிசைப் பார்க்கிறது. 3 கோடி யென், அதோடு வாரிசு ஒருவருக்கு 60 லட்சம் யென் விலக்கு. மிச்சத்தைச் சட்டப்படியான பங்குகளாகப் பிரித்து, 10 முதல் 55 சதவீதம் வரை படிப்படியாக வரி போட்டு, பிறகு அவரவர் உண்மையில் பெற்ற அளவுக்குப் பங்கிடுகிறார்கள். 55 என்றதும் மிரள வேண்டாம், அது உச்சப் படி. உடனிருந்த வாரிசு தொடர்ந்து குடியிருக்கும் வீட்டு மனைக்கு, 330 சதுர மீட்டர் வரை, மதிப்பில் 80 சதவீதத்தைக் கழித்துவிடுவார்கள். நியாயத்தில் இதற்குத்தான் என் ஓட்டு. கட்டுவதற்குக் கெடு பத்தே மாதம் என்பதுதான் இடிக்கிறது.

கனடா 1972-இல் மத்திய எஸ்டேட் வரியை, அதாவது இறந்தவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்தின் மீதான வரியை, தூக்கிவிட்டு வேறு வழிக்குப் போனது. இறக்கும் நொடியில் எல்லாவற்றையும் விற்றுவிட்டதாகப் பாவித்து, அந்த 90 லட்சத்தில் பாதியை அவரது கடைசி வருமானக் கணக்கில் சேர்க்கும். குடியிருந்த வீட்டுக்கு விலக்கு. துணைக்குப் போனால் வரி தள்ளிப்போகும்.

சரி, இங்கே? வாரிசு வரி இல்லைதான். ஆனால் அப்பா வாங்கிய 10 லட்சம்தான் மகளுக்கும் அடக்க விலை. அவர் விற்கும் நாளில் 90 லட்சத்துக்கும் மூலதன ஆதாய வரி வரும். அமெரிக்கா மறந்துவிடுவதை நாம் மறப்பதில்லை, காத்திருக்கிறோம். வீட்டை விற்காமல் குடியிருப்பவருக்கு இது நல்லது. ஆனால் கம்பெனிப் பங்குகளைத் தலைமுறை தலைமுறையாக விற்காமலே வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது அதைவிட நல்லது!

நம்மிடமும் 1953 முதல் பிரிட்டிஷ் பாணி எஸ்டேட் வரி இருந்தது. உச்ச விகிதம் 85 சதவீதம் வரை போனது. 1985-இல் நிதியமைச்சர் வி.பி.சிங் அதை நீக்கியபோது ஆண்டு வசூல் சுமார் 20 கோடி ரூபாய்தான். அதே சொத்தைச் செல்வ வரிக்கு ஒரு சட்டப்படியும் எஸ்டேட் வரிக்கு இன்னொரு சட்டப்படியும் கணக்கிட்டு, அதிகாரிகளும் மக்களும் அலுத்துப்போனார்கள். அதை அப்படியே திரும்பக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. மனைக்கு வழிகாட்டி மதிப்பு ஒன்று, சந்தை விலை ஒன்று என்றிருக்கும் ஊரில் வழக்குதான் பெருகும்.

கனடா வழியை, பட்டியலிடப்பட்ட பங்குகளுக்கு மட்டும், பெரிய விலக்கோடு எடுத்துக்கொள்ளலாம். விலை தினமும் சந்தையில் தெரிவதால் மதிப்பில் சண்டை வராது. வரி கட்டப் பங்கை விற்றால் கம்பெனியின் கட்டுப்பாடு கைவிட்டுப் போய்விடும் என்று கம்பெனிக் குடும்பங்கள் வாதாடும். தென்கொரியாவில் 2020-இல் சாம்சங் தலைவர் லீ குன்-ஹீ இறந்தபோது 12 லட்சம் கோடி வோனுக்கு மேல் வரி வந்தது. ஐந்து ஆண்டுத் தவணையில் கட்டினார்கள், கடன் வாங்கினார்கள், பங்கும் விற்றார்கள். சாம்சங் அந்தக் குடும்பத்தை விட்டுப் போகவில்லை.

எந்த வழியை எடுத்தாலும், உயிரோடிருக்கும்போதே எழுதிக்கொடுப்பதை என்ன செய்வது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். பிரிட்டன் இறப்புக்கு முந்தைய ஏழு ஆண்டில் கொடுத்ததையும் பார்க்கிறது. மூன்றாண்டு பார்த்த ஜப்பானும் 2024 முதலான நன்கொடைகளுக்கு அதை ஏழாக நீட்டுகிறது. நாமோ 1998-இல் நன்கொடை வரியை எடுத்துவிட்டோம். பிள்ளைக்குக் கொடுப்பதற்கு வருமான வரியிலும் விலக்கு இருக்கிறது. அது இருக்கும்வரை ஆடிட்டர் வைத்திருப்பவர் எவரும் எந்த வாரிசு வரியையும் கட்டப்போவதில்லை.