1050 டிஐ என்று சொல்லி வேறு கார்டை விற்றார்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் கிராஃபிக்ஸ் கார்டு வாங்குகிறவர்கள் பார்த்து வாங்குங்கள்

பழைய கம்ப்யூட்டரைக் கொஞ்சம் செலவு செய்து கேமிங்குக்கு ஏற்ற மாதிரி மாற்றலாம் என்று நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 'ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி, செகண்ட் ஹேண்ட், நல்ல கண்டிஷன்' என்று யாராவது ஐந்தாயிரம், ஆறாயிரத்துக்குக் கொடுத்தால் இன்னும் கவனமாகப் படியுங்கள். எங்களுக்கு விற்றது அந்தக் கார்டே இல்லை. 2011-இல் வந்த வேறொரு கார்டின் உள்ளே பெயரை மாற்றி எழுதி, எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

எங்கள் வீடு பாலக்கோடு பக்கம். வீட்டில் மல்பெரி போட்டிருக்கிறோம், பட்டுப்புழு வளர்க்கிறோம். தம்பி பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படிக்கிறான். அவனிடம் ஐ5 4570 பிராசஸர், ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ரேம் உள்ள அசெம்பிள் செய்த சிஸ்டம் ஒன்று இருந்தது. கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. கிருஷ்ணகிரியில் என் மாமா மகன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவனுடைய செட்டப்பைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருப்பான். மாமா மகனிடம் ஐ3 10100, 8 ஜிபி ஸ்டிக் இரண்டு போட்டு 16 ஜிபி ரேம், ஒரு 1050 டிஐ கார்டு இருக்கிறது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் நேரில் நின்று ஓட்டிப் பார்த்து வாங்கியது. பெரிய சிஸ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஜிடிஏ 5 கேம் அதில் தடங்கல் இல்லாமல் ஓடும்.

போன முறை பட்டுக்கூடு நல்ல விலைக்குப் போனது. அங்காடியில் இருந்து வந்த அன்று ராத்திரியே அம்மா தம்பியைக் கூப்பிட்டு, "உனக்கு என்னமோ வேணும்னு கேட்டியே, வாங்கிக்கோ" என்று பத்தாயிரம் எடுத்துக் கொடுத்தார். ஒரு பேட்ச் புழு கூடு கட்ட 25 நாளுக்கு மேல் ஆகும். கடைசி ஒரு வாரம் ராத்திரி பகல் பார்க்காமல் தழை போட வேண்டும். அந்தப் பணம் இது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், "ஆறாயிரம்தானே, விடு" என்று சிலர் என்னிடமே சொன்னார்கள். என்னால் விட முடியவில்லை.

தருமபுரி டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைப் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். கார்டு 6,500, அதற்குத் தகுந்த 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) 1,300, 256 ஜிபி எஸ்எஸ்டி 1,600, மாட்டித் தர 500. எல்லாம் சேர்த்து 9,900 ரூபாய். பில் கேட்டேன். "பில் போட்டா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி சேரும் தம்பி, உங்களுக்குத்தான் நஷ்டம். ஒரு மாசம் வாரன்ட்டி நான் சொல்றேன், போதாதா?" என்றார். ஒத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் செய்த பெரிய தவறு அதுதான்.

மாட்டி முடித்ததும், சிஸ்டத்தில் உள்ள பாகங்களின் பெயரைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து காட்டினார். "பாருங்க, சிஸ்டமே சொல்லுது 1050 டிஐன்னு." அப்படித்தான் இருந்தது. ஒரு கேமைத் திறந்து மெனு வரைக்கும் காட்டினார். கிளம்பும்போது, "டிரைவர் அப்டேட் மட்டும் பண்ணிடாதீங்க, இந்த வெர்ஷன்தான் இதுக்கு செட் ஆகும்" என்றார். டிரைவர் என்பது கார்டை விண்டோஸ் பயன்படுத்த உதவும் சாஃப்ட்வேர். அப்போது அது அக்கறையாகத் தெரிந்தது. இப்போது சொல்கிறேன்: எந்தக் கடைக்காரராவது இந்த வார்த்தையைச் சொன்னால், கார்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

முதல் இரண்டு நாள் தம்பிக்குச் சந்தோஷம். எஸ்எஸ்டி போட்டதால் விண்டோஸ் சட்டென்று திறந்தது. அது ஒன்று மட்டும் சரியான பொருள், அதை மறைக்கக் கூடாது. மூன்றாம் நாள் ஜிடிஏ 5-இல் டெக்ஸ்சரை (படத்தின் நுணுக்கத்தை) 'ஹை' வைத்தான். அந்த செட்டிங்ஸ் பக்கத்தில் எவ்வளவு வீடியோ மெமரி செலவாகிறது என்று ஒரு பட்டை காட்டும். மொத்தம் 4 ஜிபி, அதில் பாதி கூட நிரம்பவில்லை. ஆனால் கேம் ஆரம்பித்துக் காரில் ஏறித் தெரு திரும்பியதும் திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாக விழுந்து அப்படியே நின்றுவிட்டது. 'நார்மல்' வைத்தால் ஓடும், ஆனால் திணறித் திணறி ஓடும். அரை மணி நேரம் விளையாடினால் கம்ப்யூட்டர் தானாகவே ஆஃப் ஆகும்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். "உங்க ஊர்ல கரண்ட் சரியில்ல, லோ வோல்டேஜ் அடிக்கும். யுபிஎஸ் இல்லாம இப்படித்தான்" என்றார். எங்கள் பக்கம் சாயங்காலமானால் மோட்டார் ஓடும் நேரத்தில் டியூப் லைட் மினுக்கும் என்பது உண்மைதான். அதனால் நம்பினேன். 600 விஏ யுபிஎஸ் ஒன்று 2,600 ரூபாய்க்கு அவரிடமே வாங்கினேன். ஆக மொத்தம் 12,500. யுபிஎஸ் வந்த பிறகும் அதே கதைதான். மறுபடி போனபோது "ரேம் பத்தாது, இன்னொரு 8 ஜிபி போடுங்க" என்றார். அங்கேதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு தடவை போகும்போதும் பிரச்சினை வேறு ஏதோ ஒரு பொருளில் இருக்கிறது, அந்தப் பொருள் அவர் கடையிலேயே விற்பனைக்கும் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிபியுவைப் பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு காவேரிப்பட்டணம் வழியாகக் கிருஷ்ணகிரி போனோம். இரண்டு சிஸ்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று எண்ணம். அதற்கு வேலையே வரவில்லை. கார்டைக் கழற்றி மேசையில் வைத்ததும் மாமா மகன் பின்பக்கத்தைப் பார்த்து, "மச்சான், இதுல ஏன் விஜிஏ இருக்கு?" என்று கேட்டான்.

கார்டின் பின்பக்கம் மூன்று போர்ட். ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டிவிஐ, மூன்றாவதாக நீல நிறத்தில் பதினைந்து ஓட்டை உள்ள பழைய மானிட்டர் போர்ட், அதுதான் விஜிஏ. அவனுடைய கார்டில் அந்த நீல போர்ட் இல்லை. இருக்கவும் இருக்காது. 1050 டிஐ 2016-இல் வந்த பாஸ்கல் தலைமுறைக் கார்டு, அந்தத் தலைமுறையில், அதைத் தயாரிக்கும் என்விடியா, விஜிஏவுக்குத் தேவையான அனலாக் வெளியீட்டையே எடுத்துவிட்டது. இன்னொன்றும் காட்டினான். அவன் கார்டுக்குத் தனியாகப் பவர் கேபிளே கிடையாது. மதர்போர்டு ஸ்லாட் கொடுக்கும் 75 வாட்ஸே அதற்குப் போதும். எங்கள் கார்டில் 6 பின் கேபிள் மாட்டியிருந்தது. ஒரிஜினலிலும் சில மாடல்களுக்கு 6 பின் வரும், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆனால் நீல போர்ட்டும் இதுவும் சேர்ந்தால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

பிறகு ஜிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரை இறக்கி ஓட்டினோம். கார்டு பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்றே எழுதிக் காட்டியது. என்விடியா லோகோ இருக்க வேண்டிய இடத்தில் எச்சரிக்கை முக்கோணம். உள்ளே இருக்கும் சிப் ஜிஎஃப்116, அதில் கணக்குப் போடும் கோர்களின் எண்ணிக்கை 192. உண்மையான 1050 டிஐயில் ஜிபி107 சிப்பும் 768 கோரும் இருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது ஜிடிஎக்ஸ் 550 டிஐ, நினைவகம் 1 ஜிபி. ஏன் 'ஹை' வைத்ததும் திரை உடைந்தது என்று அப்போதுதான் புரிந்தது. கேம் 4 ஜிபி இருக்கிறது என்று நம்பி எழுதுகிறது, ஒரு ஜிபி தாண்டியதும் எழுத இடமே இல்லை.

டிவைஸ் மேனேஜர் காட்டும் பெயர், கார்டு தன்னைப் பற்றிச் சொல்லும் அடையாளத்தையும் டிரைவரையும் வைத்து வருவது. அந்த அடையாளம் கார்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற சின்ன சாஃப்ட்வேரில் இருக்கிறது. அந்த பயாஸை அழித்து வேறு பெயர், வேறு மெமரி அளவு என்று எழுதிவிடலாம், விண்டோஸ் அதை அப்படியே நம்பும். டிரைவர் விஷயமும் இதுதான். 550 டிஐ ஃபெர்மி என்ற பழைய தலைமுறைக் கார்டு. அதற்கான புது டிரைவர்களை என்விடியா 2018-லேயே நிறுத்திவிட்டது. புது டிரைவர் போட்டால் வேஷம் கலைந்துவிடும், அதனால்தான் அப்டேட் செய்யாதே என்றார்.

இரண்டு கார்டையும் மாற்றிப் போட்டும் பார்த்தோம். அவனுடைய கார்டை எங்கள் பழைய ஐ5-இல் மாட்டியதும் அதே ஜிடிஏ 5, அதே 'ஹை' செட்டிங்கில் ஒரு தடவை கூட நிற்காமல் ஓடியது. ரேம் அதே 8 ஜிபிதான். சிஸ்டமும் ஆஃப் ஆகவில்லை. எங்கள் கார்டை அவனுடைய சிஸ்டத்தில் போட்டதும் அங்கேயும் பச்சைக் கட்டம். தம்பி ஒன்றும் பேசவில்லை. சிபியுவின் பக்கவாட்டு மூடியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?" என்று மட்டும் கேட்டான்.

எஸ்எம்பிஎஸ்ஸையும் சொல்லிவிடுகிறேன். அதன் மேல் பெரிய எழுத்தில் 450 என்று இருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை ஒட்டியிருப்பார்கள், யாரும் படிக்க மாட்டோம். அதில் 12 வோல்ட்டுக்கு நேராக 12 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 144 வாட்ஸ். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் இழுப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில் இருந்துதான். ஐ5 4570-க்கு 84 வாட்ஸ், 550 டிஐக்கு 116 வாட்ஸ். கூட்டினால் 200. அப்புறம் எப்படி ஆஃப் ஆகாமல் இருக்கும்? எங்கள் ஊர் கரண்டின் மேல் பழியைப் போட்டு யுபிஎஸ் வேறு விற்றுவிட்டார். எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது முன்பக்கத்து எண்ணைப் பார்க்காதீர்கள். அந்தச் சின்ன அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைப் பார்த்து நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். போனில் எடுத்த ஜிபியு-இசட் படத்தைக் காட்டினேன். முதலில், "அந்த சாஃப்ட்வேர் தப்பா காட்டும்" என்றார். நீல போர்ட்டைக் காட்டினேன். பிறகு, "நாங்களும் பெங்களூர்ல லாட்டா வாங்கறோம், எங்களுக்கே தெரியாது" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பில் எங்க?" என்றார். இதே மனிதர்தான் பில் வேண்டாம் என்று சொன்னவர். கடைசியில் இறங்கி வந்து, "கார்டைக் குடுத்துட்டு மூவாயிரம் வாங்கிக்கோங்க" என்றார். இதை வாங்கி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அது வேற ஆளுக்குப் போயிடும்" என்றார், சாதாரணமாக. எனக்கு மூவாயிரம் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் இன்னொரு வீட்டுப் பையன் கைக்குப் போகும் என்று அவரே சொன்ன பிறகு கொடுக்க மனம் வரவில்லை. கார்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

பில் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்காதீர்கள். நான் கியூஆர் கோடு ஸ்கேன் செய்துதான் பணம் அனுப்பினேன், அது பேங்க் கணக்கில் இருக்கிறது. அதைவிட முக்கியம், வாங்குவதற்கு முதல் நாள் வாட்ஸ்அப்பில் மாடல் பெயரையும் விலையையும் அவரே எழுதி அனுப்பியிருந்தார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிந்தேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எந்தக் கடையாக இருந்தாலும் பேச்சில் முடிக்காதீர்கள். மாடலை எழுத்தில் வாங்குங்கள்.

இதற்குப் பிறகு வேறு கார்டு தேடும்போது இன்னும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஏஎம்டி கம்பெனியின் ஆர்எக்ஸ் 580 என்று விற்கும் பல கார்டுகள் 2048எஸ்பி என்ற வகை. அது போலி இல்லை, 2018-இல் ஏஎம்டியே சீனச் சந்தைக்காக விட்டது. ஆனால் உண்மையான 580-இல் 2304 ஷேடர்கள் (கோர் மாதிரிதான்) இருக்கும், இதில் 2048தான். 580 விலை கொடுத்து, அதற்கு ஒரு படி கீழே உள்ள 570-க்குச் சமமானதை வாங்கி வருவீர்கள். இதையும் ஜிபியு-இசட் காட்டிவிடும். அடுத்தது, 'ஐ7 கேமிங் பிசி' என்று குறைந்த விலைக்கு வரும் விளம்பரங்கள். எந்தத் தலைமுறை ஐ7 என்று கேளுங்கள். பெரும்பாலும் 2600-ஆக இருக்கும், அதுவும் 2011-இல் வந்ததுதான். அதில் எப்படியோ விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள், ஆனால் வாலரன்ட் என்ற கேம் திறக்காது. விண்டோஸ் 11-இல் அந்த கேமுக்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும், இவ்வளவு பழைய சிஸ்டத்தில் டிபிஎம் 2.0 இருக்காது.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாமா மகன் வாங்கியதும் செகண்ட் ஹேண்ட்தான். ஒரு பென் டிரைவில் ஜிபியு-இசட்டை எடுத்துக்கொண்டு போங்கள். கடையிலேயே ஓட்டச் சொல்லுங்கள். மெனு வரைக்கும் காட்டினால் போதாது, டெக்ஸ்சரை ஏற்றி அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். புது டிரைவரை அங்கேயே ஏற்றச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் வேறு கடையைப் பாருங்கள்.

போன வாரம் நம் பக்கத்தில் பழைய பொருள் வாங்க, விற்க இருக்கும் குரூப் ஒன்றில் ஒரு விளம்பரம் வந்தது. '1050 டிஐ, 4 ஜிபி, 5,500 மட்டும்.' படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எச்டிஎம்ஐ, டிவிஐ, ஓரத்தில் அதே நீல போர்ட். எங்கள் கார்டு வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது, ஆக இது அந்த லாட்டில் வந்த வேறொன்றாக இருக்கும். படத்துக்குக் கீழே ஒரு பையன், 'அண்ணா, 5,000-க்கு வருமா?' என்று கேட்டிருந்தான். அவனுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை.