உரிமட்டையா, சாம்பலா, ஆலைப் பொட்டாஷா?

பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பில் காய் எடுக்க வரும் வியாபாரி விலை பேசுவதற்கு முன்பே ஒன்றைக் கேட்டுவிடுவார்: "அண்ணே, உரிமட்டை உங்களுக்கா, எனக்கா?" பல ஆண்டுகளாக "நீயே எடுத்துக்கொள்" என்றுதான் சொல்லி வந்தேன். கயிறு ஆலைக்குப் போகும் மட்டையின் காசு உரிகூலியில் கழிந்துவிடும், தோப்பும் சுத்தமாகிவிடும். இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு பதிலை மாற்றிக்கொண்டேன்.

2018 நவம்பரில் வந்த கஜா புயல் மிச்சம் வைத்துவிட்டுப் போன 60 மரங்கள் என்னுடையவை. அவற்றின் அடிவரிசைக் கீற்றுகள் நுனியிலும் ஓரத்திலும் மஞ்சளடித்து, பிறகு தீய்ந்தது போலக் காயத் தொடங்கின. இலையின் நடு நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. கிட்டே பார்த்தால் செம்பழுப்புப் புள்ளிகள். சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம், பற்றாக்குறையானதின் முகம் இது. மண் பரிசோதனையும் அதையே சொன்னது. மணல் கலந்த மண்ணில் இந்தச் சத்து தங்காது, தண்ணீரோடு கீழே இறங்கிவிடும்.

கடைக்குப் போய்ப் பொட்டாஷ் மூட்டை வாங்கிப் போட்டால் முடிந்தது என்பது உண்மைதான். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கிலோ, இரண்டு தவணையாக. ஆனால் அந்த உரத்துக்கு நாடு இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. விலை ஏறும்போதும் சரக்கு வராதபோதும் நாம் கடை வாசலில் நிற்க வேண்டும். கழிவிலிருந்தே இந்தச் சத்தை எடுக்க முடியுமா என்று தேடியபோது நான்கு வழிகள் கிடைத்தன: உரிமட்டை, மட்டையில் நார் எடுத்த பின் மிஞ்சும் தூளான நார்க்கழிவு, விறகுச் சாம்பல், சாராய ஆலைக் கழிவிலிருந்து வரும் ஆலைப் பொட்டாஷ்.

முதலில் எடையைப் பார்த்துவிடுவோம். 2 கிலோ உரத்தில் இருப்பது 1.2 கிலோ சாம்பல்சத்து. அதே அளவை ஆலைப் பொட்டாஷில் கொடுக்க 8 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். விறகுச் சாம்பலில் நூற்றுக்கு 5 பங்கு என்று வைத்தாலும் 24 கிலோ. மட்கிய நார்க்கழிவு என்றால் 100 கிலோ. 60 மரத்துக்கு 6 டன்! இதற்கு வண்டிக்கூலி யார் கொடுப்பது?

நார்க்கழிவு உரத்தை ஒரு முறை செய்து பார்த்தேன். டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து, அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்து 60 நாள். ஈரம் பிடிக்க இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சாம்பல்சத்துக்காக மட்டும் இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. மட்க வைக்காமல் அப்படியே மண்ணில் கலந்தால் தழைச்சத்தையும் அது தின்றுவிடும்.

ஆலைப் பொட்டாஷ் என்று நான் சொல்வது, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸிலிருந்து சாராயம் வடித்த பிறகு மிஞ்சும் கழிவுநீரைக் கொதிகலனில் எரித்து, அந்தச் சாம்பலைக் குருணையாக்கிய சரக்கு. 14.5 சதவீதச் சத்து என்று மூட்டையிலேயே அச்சிட்டிருக்கும். 2021 இல் மத்திய அரசு இதையும் உர மானியத்தில் சேர்த்தது. தூவுவது எளிது, அளவிலும் ஐயமில்லை. ஒரே ஒரு தவணை, அதுவும் பத்து மரத்துக்குத்தான் போட்டேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. ஆள்பலம் இல்லாதவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது வரை சொல்வேன்.

சாம்பலில் ஏமாந்த கதையும் உண்டு. எங்கள் பகுதியில் அரிசி ஆலைச் சாம்பல் டிராக்டர் கணக்கில் கிடைக்கும். சாம்பல் என்றால் சாம்பல்சத்துதானே என்று இரண்டு நடை இறக்கினேன். அது உமிச் சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிகாதான், நமக்கு வேண்டியது மிகக் கொஞ்சம். விறகுச் சாம்பல் வேறு சாதி. டீக்கடை, கல்யாண மண்டப அடுப்பு என்று சொல்லி வைத்தால் வாரம் ஒரு சாக்கு தேறும். அதை யூரியாவோடோ சாணத்தோடோ கலக்கக் கூடாது, தழைச்சத்து காற்றில் போய்விடும். களர் நிலத்துக்காரர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இனி உரிமட்டை. நான் இதன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் மழை.

சாம்பல்சத்து செடியின் உடலில் எதோடும் கட்டுண்டு கிடப்பதில்லை. சாற்றில் உப்பாகக் கரைந்தே இருக்கிறது. அதனால் மட்டை மட்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, நனைந்தாலே சத்து வெளியே வந்துவிடும். மட்டை மட்க ஐந்தாறு ஆண்டு ஆகலாம், சத்து அதற்கு வெகு முன்பே இறங்கிவிடுகிறது. நல்லதும் கெட்டதும் இதிலேயே இருக்கிறது. வேருக்கு அருகில் நனைந்தால் மரத்துக்கு. களத்து மேட்டில் குவியலாக நனைந்தால் வாய்க்காலுக்கு. ஒரு ஐப்பசி முழுக்க வெளியே கிடந்த மட்டையில் ஈரம் காக்கும் குணம் மட்டுமே மிஞ்சும். விறகுச் சாம்பலுக்கும் இதே விதி, திறந்த குழியில் கொட்டி வைத்த சாம்பலை விலைக்கு வாங்காதீர்கள். உப்பு நீக்கிக் கழுவிய நார்க்கழிவுக் கட்டிகள் மாடித்தோட்டத்துக்கு நல்லவை, ஆனால் கழுவிய தண்ணீரோடு சத்தும் போயிருக்கும். கழிவு எதுவானாலும் நான் முதலில் கேட்பது 'நனைந்ததா?' என்றுதான்.

தோப்பிலேயே உரித்து, உரித்த வாரத்திலேயே புதைக்கிற மட்டைக்கு இந்தக் கவலை இல்லை. வண்டிக்கூலியும் இல்லை. காயோடு தோப்பை விட்டு வெளியேறும் சாம்பல்சத்தில் பெரும்பங்கு மட்டையில்தான் இருக்கிறது. அதை விற்றுவிட்டு, அதே சத்தை மூட்டையில் திரும்ப வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்!

மரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி வட்டமாக அரை மீட்டர் ஆழக் குழி. மட்டையின் குழிந்த பக்கம் வானத்தைப் பார்க்க அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு மண் போட்டு மூட வேண்டும். குழி வெட்டும் கூலிதான் பெரிய செலவு. ஆண்டுக்கு 20 மரம் என்று பிரித்துக்கொண்டேன். ஈரம் குறைந்த இடத்தில் கரையான் ஏறியது, மரத்தை ஒன்றும் செய்யவில்லை.

மட்டை மட்டுமே போதுமா? போதாது. மரத்துக்கு நூறு மட்டை என்றால், ஆண்டுத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கலாம் என்பது என் தோராயக் கணக்கு. அதனால் புதைத்த மரங்களுக்குக் கடைப் பொட்டாஷை நிறுத்தவில்லை. 2 கிலோவை ஒன்றாகக் குறைத்து, இடைவெளியை விறகுச் சாம்பலால் முடிந்தவரை அடைக்கிறேன்.

பழைய மஞ்சள் கீற்று மறுபடி பச்சையாகாது. புதிதாக வருவதைத்தான் பார்க்க வேண்டும். மாதம் ஒன்று என்ற கணக்கில் வந்த கீற்றுகள் முதல் 20 மரத்தில் ஓரம் தீயாமல் நிற்கின்றன. காய் கூடியதா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பாளை உள்ளே கருவாகி, வெடித்து, காய் முற்ற மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும்.

பக்கத்துத் தோப்புக்காரர் என் குழிகளைப் பார்த்துவிட்டுத் தானும் வெட்டப் போவதாகச் சொன்னார். அவர் மரங்களில் குருத்தோலை விரியாமல் நுனி கொக்கி போல் வளைந்திருக்கிறது. அது போரான் குறை. அதற்கு மரத்துக்கு 50 கிராம் போராக்ஸ் போதும், குழி வெட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.