எதிர்க்கடைக் கணக்கு: பெட்டியா, பேலன்ஸ் ஷீட்டா, சங்கமா?

திருநெல்வேலி டவுனிலும் ஜங்ஷனிலும் அல்வா போடுகிறவர்கள் பக்கத்துக் கடை விலையைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அவருடைய அடக்க விலையை. அதைப் பிடிக்க மூன்று வழி உண்டு.

கைக்கு எட்டும் வழி, அவர் விற்கும் அரைக் கிலோ பெட்டியை வாங்குவது. முதலில் எடை போடுங்கள். பிறகு லேபிள். சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு இறங்கி வர வேண்டும் என்பது சட்டம். நெய்யோடு வனஸ்பதியோ எண்ணெயோ கலந்திருந்தால் அங்கேயே தெரியும். அடுத்து சத்து அட்டவணை. நெய்யில் 99.5% கொழுப்பு, கோதுமைப் பாலில் பேருக்குத்தான் இருக்கும். ஆகவே 100 கிராமுக்குக் கொழுப்பு 24 கிராம் என்று போட்டிருந்தால், முந்திரிக்கு ஒரு கிராம் கழித்து, கிலோவுக்கு நெய் ஏறக்குறைய 230 கிராம். நெய் கிலோ 650 ரூபாய் என்று வைத்தால் 150 ரூபாய். சேர்த்த சர்க்கரை 46 கிராம் என்றிருந்தால் கிலோவுக்கு 460 கிராம்; சீனி 45 ரூபாய் விலையில் 21 ரூபாய்கூட வராது. ஆக, அல்வாவில் போட்டி நெய்யில்தான்.

சறுக்குவதும் இங்கேதான். உங்கள் மாஸ்டர் கிலோவுக்கு 300 கிராம் ஊற்றுகிறார். கடைசியில் பிரிந்து வருவதில் 60 கிராமை வழித்து எடுத்து அடுத்த சட்டிக்கு வைக்கிறார். ஊற்றியதை மட்டும் எழுதினால் எதிர்க்கடையைவிட 70 கிராம் கூடுதல், கிலோவுக்கு 45 ரூபாய் நஷ்டம் என்று பதறுவீர்கள். நிகரம் 240, வித்தியாசம் ஆறரை ரூபாய். அல்வா எடையையும் ஆறிய பிறகே எடுக்க வேண்டும். லேபிள் எப்போதோ எடுத்த ஆய்வின் நகலாகவும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் பெட்டியை ஆய்வகத்துக்குக் கொடுத்துக் கொழுப்பை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

விற்பனை அளவை அறிய, காலையில் ஒன்றும் இரவில் ஒன்றும் வாங்கி பில் எண்களின் வித்தியாசத்தைப் பார்க்கும் பழைய உத்தி ஒன்று உண்டு. 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு, வாங்குபவர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்து பில்லும் கேட்காவிட்டால், தனித்தனியே போட வேண்டியதில்லை. நாள் முடிவில் ஒரே பில் போதும். இலையில் 100 கிராம் வாங்கி நின்றபடியே தின்கிற கூட்டம் அந்த எண்ணில் வராது. கவுன்டருக்கு ஒரு பில் எண் வரிசை ஓட்டுகிற கடையில் இந்த உத்தி அறவே உதவாது.

இரண்டாவது, பேலன்ஸ் ஷீட். எதிராளி பிரைவேட் லிமிடெட் ஆக இருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டி அவர் தாக்கல் செய்ததைப் பார்க்கலாம். மூலப்பொருள் செலவு, சம்பளம், வட்டி எல்லாம் விற்பனையில் எத்தனை சதவீதம் என்று எடுத்து, ஜிஎஸ்டி நீக்கிய உங்கள் விற்பனையோடு ஒப்பிடுங்கள். ஆனால் மார்ச்சில் முடிந்த கணக்கு அக்டோபர் வாக்கில்தான் அங்கே வரும். அதிலும் அல்வா, மிக்சர், முறுக்கு எல்லாம் ஒரே தொகை. தனியாள் கடையும் சாதாரணக் கூட்டுக் கடையும் அங்கே எதையும் தாக்கல் செய்வதில்லை. கல்லிடைக்குறிச்சியில் வீட்டோடு அப்பளம் போடுகிறவரை அங்கே தேடிப் பயனில்லை. பல ஊர்களில் கிளை விட்ட பெரிய கடையை அளக்க மட்டும் இது ஆகும்.

கிண்டும் கூலியும் அடுப்புச் செலவும் எந்த லேபிளிலும் கிடையாது. அதற்கு மூன்றாவது வழியான கடைக்காரர் சங்கம்தான். ஐந்து கடைக்குக் குறையாமல் சேர்ந்து, பொதுவான ஆடிட்டர் ஒருவரிடம் பெயரில்லாமல் கொடுத்து, சராசரியை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். அளவை முதலிலேயே பேசி வையுங்கள்: கிலோ அல்வாவுக்கு எத்தனை ஆள்-மணி, எரிபொருள் எத்தனை ரூபாய். விறகுக்காரரும் 19 கிலோ சிலிண்டர்காரரும் ரூபாயில்தான் சந்திக்க முடியும். கட்டடம் சொந்தம் என்று வாடகை எழுதாதவரும், மகன் கல்லாவில் இருக்கிறான் என்று சம்பளம் எழுதாதவரும் சராசரியைக் கெடுத்துவிடுவார்கள். இரண்டையும் சந்தை விலையில் போடச் சொல்லுங்கள். தீபாவளி மாதத்தைத் தனியே வையுங்கள்.

அடுத்த மாதம் கிலோ என்ன விலைக்கு விற்பது என்ற பேச்சு மட்டும் அங்கே எழக்கூடாது. போட்டியாளர்கள் கூடி விலை முடிவு செய்வது 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் மாட்டும்.